பழைய ஸ்கேனரும் புதிய கணினியும்: தந்தியிடமிருந்து வந்த ஒரு மொழியின் வரலாறு

ஹைதராபாத்தின் கோட்டிப் பகுதியிலுள்ள குஜராத்தி கல்லி மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற தெரு. செகந்திராபாத் பார்க்லேனிலுள்ள சினாய் டிரேட் சென்டர் கணினிக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. 1990களில் செய்யப்பட்ட கையடக்க ரேடியோ ஸ்கேனர் ஒன்றை இன்றைய மடிக்கணினியுடன் இணைக்க முனைபவர் இரண்டு இடங்களுக்கும் போய்வர நேரும். முதலாவதில் கம்பியும் சில்லும் கிடைக்கும். இரண்டாவதில் கணினி கிடைக்கும். இரு கருவிகளும் ஒன்றையொன்று எப்படிப் புரிந்துகொள்ளும் என்ற செய்தி மட்டும் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இருப்பதில்லை.

ஸ்கேனர் என்பது அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே துழாவி, பேச்சு கேட்கும் இடத்தில் நிற்கும் வானொலிக் கருவி. தொடக்ககால ஸ்கேனர்களில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனிப் படிகம் பொருத்த வேண்டியிருந்தது. நுண்செயலி வந்த பின்னர் எண்களை அழுத்தினாலே போதும் என்றாயிற்று. 1990களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களான ஏஓஆர், ஐகாம் ஆகியவை வெளியிட்ட ஏஆர்8000, ஐசி-ஆர்10 போன்ற கருவிகள் உள்ளங்கையில் அடங்கின. அரை மெகாஹெர்ட்ஸ் முதல் ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வரை கேட்டன. அவற்றின் புதுமை கணினியோடு பேசும் வசதி. நூற்றுக்கணக்கான அலைவரிசைகளைக் கணினியிலிருந்து ஏற்றலாம். எந்த அலைவரிசையில் நிற்க வேண்டும் எனக் கட்டளையிடலாம். எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் பேச்சு எழுந்தது என்பதை எழுதி வைக்கலாம்.

இக்கருவிகளில் பலவற்றின் வானொலிப் பகுதி இன்றும் பழுதின்றி இயங்குகிறது. அவற்றைக் கணினியோடு இணைக்க இயலாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், இடையில் இருந்த மொழியை அறிந்தவர்களும் அதை விளக்கிய தாள்களும் மறைந்துபோனதே. அந்த மொழியின் வேர்கள் கணினிக்கும் முந்தையவை. தந்தி நிலையத்தில் பிறந்து, டெலிபிரிண்டரில் வளர்ந்து, கணினிக்குக் கைமாறிய மொழி அது. கேட்பதற்கான உரிமையை வரையறுத்த சட்டமும் அதே தந்தியிலிருந்து வந்ததுதான். ஹைதராபாத்தின் வானொலி வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது இவ்விரண்டும் ஒரே கதையாகின்றன.

1. குறியும் இடைவெளியும்

பழைய கணினிகளின் பின்புறத்தில் ஒன்பது அல்லது இருபத்தைந்து ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் இருந்தது. அதன் மின்தரம் ஆர்எஸ்-232. அமெரிக்க மின்னணுத் தொழிலகச் சங்கம் அதை 1960இல் வெளியிட்டது. 1969இல் வந்த 'சி' வடிவமே பரவலாக நிலைத்தது. இத்தரத்தில் ஒன்று என்னும் இலக்கத்தை எதிர்மின்னழுத்தமும், சுழி என்னும் இலக்கத்தை நேர்மின்னழுத்தமும் குறிக்கும். இரண்டுக்கும் எல்லை மூன்று முதல் பதினைந்து வோல்ட் வரை. ஸ்கேனருக்குள் இருக்கும் நுண்செயலியோ சுழி வோல்ட்டைச் சுழியாகவும், ஐந்து வோல்ட்டை ஒன்றாகவும் கொள்ளும். ஆகவே இரண்டுக்கும் இடையே அளவும் பொருந்தாது, திசையும் தலைகீழ். நேராகக் கம்பியை இணைத்தால் ஸ்கேனரின் உள்ளே பன்னிரண்டு வோல்ட் பாய்ந்து நுண்செயலி பழுதாகக்கூடும். இந்த மாற்றத்தைச் செய்யும் பெட்டியை உற்பத்தியாளர்கள் தனியே விற்றனர். ஐந்து வோல்ட் மின்சாரத்தை மட்டும் கொண்டு ஆர்எஸ்-232 அளவுகளை உண்டாக்கும் மேக்ஸ்232 என்ற சில்லு 1980களின் பிற்பகுதியில் வந்ததும், அதே பெட்டியை ஆர்வலர்கள் தாமே சாலிடர் செய்துகொள்ள முடிந்தது.

இத்தரத்தின் கலைச்சொற்கள் மொழியியலாளரின் கவனத்துக்குரியவை. ஒன்று என்னும் நிலைக்கு இன்றும் 'மார்க்' என்று பெயர், சுழிக்கு 'ஸ்பேஸ்'. மோர்ஸ் தந்தியின் தாள்நாடாவில் மை பதிந்த குறியும், மை படாத இடைவெளியுமே இச்சொற்களின் பிறப்பிடம். பேச்சு எதுவும் இல்லாத வேளையிலும் கம்பி 'மார்க்' நிலையில்தான் இருக்கும். டெலிபிரிண்டர் கம்பிகளில் ஓய்வு நேரத்திலும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்ததன் எச்சம் அது. ஓட்டம் நின்றால் கம்பி அறுந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். 'பிரேக்' என்ற சொல் கணினியின் தொடர்முறைத் தொடர்பில் இன்றும் வழங்குகிறது.

வேகத்தை அளக்கும் 'பாட்' என்ற அலகு பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. எல்லா எழுத்துகளையும் ஐந்து அலகு நீளத்தில் அடக்கிய குறிமுறைக்கு அவர் 1874இல் காப்புரிமை பெற்றார். 300, 1200, 2400, 4800, 9600 என ஸ்கேனரின் அமைப்புப் பட்டியலில் தோன்றும் எண்கள் 75இன் தொடர் இரட்டிப்புகள். 75 பாட் டெலிபிரிண்டர் வேகங்களுள் ஒன்று. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதைக் குறிக்கும் இரு கட்டுப்பாட்டுக் குறிகளும் அவ்வாறே. டானல்ட் மரே 1901 அளவில் தட்டச்சு விசைப்பலகையோடு கூடிய தந்திக்கு வகுத்த குறிமுறையில், அச்சு வண்டியைத் திருப்புவதற்கும் தாளை ஒரு வரி மேலே தள்ளுவதற்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. வண்டியும் இல்லை, தாளும் இல்லை. குறிகள் மட்டும் நிலைத்துவிட்டன. பல ஸ்கேனர்கள் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அவற்றை எதிர்பார்க்கின்றன. இரண்டில் ஒன்று விடுபட்டால் கருவி பதில் சொல்லாமல் இருந்துவிடும். இணைக்க முயல்பவர் கம்பியைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்.

2. இலக்கணம்

மின்னழுத்தம் பொருந்திய பின்னர் அடுத்த தடை சொற்றொடர் அமைப்பு. ஐகாம் நிறுவனத்தின் சிஐ-வி என்ற முறையை எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரே கம்பியில் போக்கும் வரவும் நிகழும். ஒவ்வொரு செய்தியும் 254 என்னும் மதிப்புள்ள இரண்டு பைட்டுகளோடு தொடங்கும். பிறகு பெறுநரின் முகவரி, அனுப்புநரின் முகவரி, கட்டளை எண், தரவு என்ற வரிசை. இறுதியில் 253. கடிதத்தின் அமைப்பே இது: விளி, பெறுநர், அனுப்புநர், செய்தி, முடிப்பு. ஒரே கம்பியில் பல கருவிகள் தொங்கலாம். தன் முகவரிக்கு வந்ததை மட்டும் ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும்.

அலைவரிசையை எழுதும் முறைதான் புதியவர்களைத் தடுமாற வைப்பது. 145.900 மெகாஹெர்ட்ஸ் என்பதை ஹெர்ட்ஸில் பத்து இலக்கமாக எழுதினால் 0145900000. இதை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, கடைசி இணையை முதலில் அனுப்ப வேண்டும்: 00, 00, 90, 45, 01. சிறிய இடமதிப்பு முதலில், பெரியது கடைசியில்.

ஹைதராபாத்தின் பெயர்ப்பலகைகளில் இதற்கு ஓர் உவமை உண்டு. உருது எழுத்து வலமிருந்து இடம் செல்கிறது. அவ்வரியில் ஓர் எண் வரும்போது அதன் பெரிய இடமதிப்பு இடப்பக்கத்தில்தான் நிற்கும். வலமிருந்து வரும் கண்ணுக்கு முதலில் தென்படுவது ஒன்றாம் இடம். உருதுவின் எண்ணுப்பெயரும் அதே போக்குடையது: 45ஐக் குறிக்கும் 'பைந்தாலீஸ்' என்ற சொல்லில் ஐந்தின் வடிவம் முன்னும் நாற்பதின் வடிவம் பின்னும் வருகின்றன. தமிழின் நாற்பத்தைந்தும் தெலுங்கின் 'நலபை ஐது'வும் பெரியதை முன்வைப்பவை. ஒரே தெருவில் இவ்விரு வரிசைகளும் குழப்பமின்றி வழங்குகின்றன. பேசுவோருக்கு மரபு தெரிந்திருப்பதே காரணம். பொறிகளுக்கு மரபு தெரியாது. எந்த வரிசை என்பதை யாரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். கணினித் துறையில் இவ்விவாதம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு, டேனி கோஹன் 1980இல் இரு தரப்பினருக்கும் 'கலிவரின் பயணங்கள்' நூலில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிட்டவர்களின் பெயரையே சூட்டியது சான்று.

3. கேட்கும் நகரம், உரிமம் கேட்கும் சட்டம்

ஹைதராபாத்தில் வானொலி 1930களில் சிறியதொரு தனியார் நிலையமாகத் தொடங்கியது. 1935இல் நிஜாம் அரசு அதை எடுத்துக்கொண்டது. டெக்கான் ரேடியோ என்று அழைக்கப்பட்ட அந்நிலையத்தில் உருது முதன்மை பெற்றிருந்தாலும், தெலுங்கு, மராத்தி, கன்னடம் ஆகிய மொழிகளும் ஒலித்தன. 1948 செப்டம்பர் 17 அன்று நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் போர்நிறுத்தத்தை அறிவித்தது வானொலி வழியாகத்தான். 1950 ஏப்ரல் 1 அன்று நிலையம் அகில இந்திய வானொலியோடு இணைந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்தியை அரசின் தனியுரிமையாக்கியிருந்தது. வானொலி வந்த பிறகு, அனுப்பும் கருவியை மட்டும் கட்டுப்படுத்துவது போதாது என்று அரசு கருதியது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி அத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 'கம்பியில்லாத் தந்தி' என்ற பெயரின் கீழ் வீட்டு வானொலிப் பெட்டியும் அடங்கியது. தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்ற தலைமுறைக்கு இது நினைவிருக்கும். ஒலிபரப்பைக் கேட்கும் பெட்டிகளுக்கான அந்த உரிமம் 1980களில் நீங்கியது. அமெச்சூர் வானொலிக்கு 1978ஆம் ஆண்டின் விதிகள் அமைந்தன. அமெச்சூர் உரிமம் பெற்றவர் அமெச்சூர் அலைப்பட்டைகளில் பேசலாம், கேட்கலாம். காவல்துறையின் பேச்சைக் கேட்பதற்கான அனுமதி அன்று அது. எல்லாவற்றையும் கேட்க வல்ல ஸ்கேனர் இந்த எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் கருவி. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 1885, 1933 ஆகிய இரண்டு சட்டங்களுக்கும் மாற்றாக இயற்றப்பட்டது. உரிமம் என்ற கருத்து அதிலும் தொடர்கிறது.

இக்கட்டுப்பாடுகளுக்குள்ளேயே ஹைதராபாத்தில் ஒரு கேட்கும் பண்பாடு வளர்ந்தது. 1967இல் இந்திய மின்னணுக் கழகமான இசிஐஎல் இந்நகரில் அமைந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த டிடிசி-12 கணினியை 1969இல் அது வெளியிட்டது. 1983இல் எஸ். சூரியின் முயற்சியில் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகம் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்டது. 1980களின் நடுவில் அமெச்சூர் கருவிகளின் இறக்குமதிக்கு வரிச்சலுகை கிடைத்தபோது பிரதமராக இருந்தவரே வியூ2ஆர்ஜி என்ற அழைப்புக்குறி பெற்ற ஹாம் இயக்குநர்: ராஜீவ் காந்தி. ஜப்பானியக் கருவிகள் இந்திய ஹாம்களின் மேசைக்கு வரத் தொடங்கியதும் இக்காலத்தில்தான்.

4. கேட்டதும் எழுதியதும்

2004 டிசம்பர் தொடக்கத்தில் ஹைதராபாத் கழகத்தின் ஏற்பாட்டில் பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேரிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தமானிலிருந்து ஹாம் குரல் எழாமல் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆகவே உலகெங்கிலுமுள்ள ஹாம்கள் அக்குரலைப் பிடிக்கக் காத்திருந்தனர். டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கியது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்காகத் தொடங்கிய நிலையம் சில மணி நேரத்தில் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான செய்தித்தடமாக மாறியது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விகள் அதன் வழியே சென்றன; பதில்கள் வந்தன. குழுவினர் சிலர் கார் நிகோபாருக்கும் கருவியோடு சென்றனர்.

இந்நிகழ்வு வரலாற்றாசிரியருக்கு ஒரு கேள்வியை எழுப்புகிறது. குரல் காற்றில் கரைந்துவிடும்; எஞ்சுவது என்ன? ஹாம் மரபில் அதற்கொரு விடை உண்டு: லாக்புக். நாள், நேரம், அலைவரிசை, பேசியவரின் அழைப்புக்குறி, ஒலியின் தரம் ஆகியவற்றை ஒவ்வோர் உரையாடலுக்கும் எழுதும் வழக்கம் அது. பேரிடர் வேளையில் எழுதுபவரின் கை பேச்சைவிடப் பின்தங்கும். பல பேச்சுகள் பதிவுக்குள் வராமலே போகும். கருவியிடம் கணினியே அலைவரிசையைக் கேட்டு, நேரத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டால் அந்த இழப்பு குறையும். மேலே கண்ட சிஐ-வி கட்டளைகளில் ஒன்று அதற்கென்றே உள்ளது: 'இப்போது எங்கே நிற்கிறாய்' என்ற கேள்வி. ஐந்து பைட்டுகளில் பதில் வரும்.

இணைப்பின் மற்றொரு பயனை ஐந்து மாதங்களுக்குப் பிறகு இந்திய ஹாம்கள் கண்டனர். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏவிய செயற்கைக்கோள்களில் ஒன்று அமெச்சூர்களுக்கான ஹாம்சாட். தரையிலிருந்து 435 மெகாஹெர்ட்ஸ் அளவில் பேசினால் அது 145.9 மெகாஹெர்ட்ஸ் அளவில் திருப்பி ஒலித்தது. ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சைக் கேட்க வல்ல ஸ்கேனரும் நல்ல ஆன்டெனாவும் இருந்தால் போதும். ஆனால் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், டாப்ளர் விளைவின்படி அதன் அலைவரிசை வரும்போது சுமார் மூன்று கிலோஹெர்ட்ஸ் கூடியும், போகும்போது அதே அளவு குறைந்தும் கேட்கும். தலைக்கு மேல் கடக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் விசையைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் மனிதக் குரல் வாத்தின் குரலாகிவிடும். கோளின் பாதையைக் கணிக்கும் மென்பொருளோடு ஸ்கேனரை இணைத்தால் கணினியே வினாடிதோறும் அலைவரிசையைத் திருத்தும். மின்கலம் பழுதடைந்து 2014இல் ஹாம்சாட்டின் பணி முடிந்தது.

5. இன்றைய தடை

யுஎஸ்பி 1996இல் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மடிக்கணினிகளிலிருந்து சீரியல் போர்ட் மறைந்தது. அதன் இடத்தை யுஎஸ்பி-சீரியல் மாற்றிகள் நிரப்பின. இவற்றுக்குள் இருக்கும் சில்லுக்கு இயக்கமுறைமையில் டிரைவர் மென்பொருள் வேண்டும். பழைய சில்லுகளுக்கான டிரைவர்கள் புதிய விண்டோஸ் பதிப்புகளில் நிறுத்தப்பட்டன. 2014 அக்டோபரில் ஒரு சில்லு நிறுவனத்தின் டிரைவர், போலிச் சில்லுகள் கொண்ட மாற்றிகளைச் செயலிழக்கச் செய்தது உலகளவில் சர்ச்சையாயிற்று. லினக்ஸில் பழைய சில்லுகள் பெரும்பாலும் இன்றும் இயங்குகின்றன. சிக்கனமான வழி வேறொன்றும் உண்டு. ஆர்எஸ்-232 என்ற இடைநிலையையே தவிர்த்து, ஐந்து வோல்ட் அளவில் நேராகப் பேசும் யுஎஸ்பி மாற்றியை ஸ்கேனரின் துளையோடு இணைக்கலாம். அதற்கு முன் அத்துளையின் எந்த வளையம் தரவு, எது தரை என்பதும், கருவி எதிர்பார்ப்பது ஐந்து வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இச்செய்தி கருவியைத் திறந்து பார்த்தால் எளிதில் தெரிவதில்லை. கையேட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது.

ஒலியைக் கணினிக்குள் கொண்டுவருவது இதைவிட எளிது. காதணிக்கான துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு கம்பி, அளவைக் குறைக்க இரண்டு மின்தடைகள், இரைச்சல் வந்தால் ஒரு சிறு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். இந்த வழியில்தான் 1998 அளவில் பிரிட்டிஷ் ஹாம் பீட்டர் மார்ட்டினெஸின் பிஎஸ்கே31 என்ற எழுத்துமுறைத் தொடர்பு உலகெங்கும் பரவியது. அதன் குறிமுறையில் ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துகளுக்குக் குறுகிய குறியும், அரிதானவற்றுக்கு நீண்ட குறியும் அமைந்தன. மோர்ஸ் குறிமுறையின் அதே கொள்கை. ஐந்தலகுச் சமநீளத்தை வகுத்த போதோவிடமிருந்து விலகி, நூற்றைம்பது ஆண்டுப் பழமையான தந்திக் கொள்கைக்கு ஒலி அட்டை திரும்பியது எனலாம்.

2012இல் தொலைக்காட்சி பார்ப்பதற்கான மலிவான யுஎஸ்பி கருவியின் சில்லு முழு அலைப்பட்டையையே கணினிக்குக் கொடுக்க வல்லது என்று கண்டறியப்பட்டதும், ஸ்கேனரின் தேவை குறைந்துவிட்டது என்று கருதுவோர் உண்டு. வாங்குபவரின் நோக்கில் அது சரி. ஆயினும் பழைய கருவியின் கதை அத்துடன் முடிவதில்லை. 1990களில் சேகரிக்கப்பட்ட அலைவரிசைப் பட்டியல்கள் பல அக்கருவிகளின் நினைவகத்திலேயே கிடக்கின்றன. அக்காலத்து ஒலிநாடா ஒன்று கிடைத்தால், எந்தக் கருவியில், எந்த அலைவரிசையில் அது கேட்கப்பட்டது என்பதற்கு அந்நினைவகம் சான்றாகலாம். சில மாதிரிகளில் நினைவகத்தைக் காப்பது ஒரு சிறு மின்கலம். அது தீர்ந்தால் பட்டியலும் அழியும். கணினியோடு இணைத்துப் படித்தெடுக்கக் கிடைக்கும் காலம் வரம்புடையது.

தமிழ்ச் சூழலிலும் இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் வானொலி வரலாறு பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது: யார் பேசினார், எந்த மொழியில், எந்த அரசின் கீழ். கேட்டவர்களின் வரலாற்றுக்கு ஆவணங்கள் குறைவு. ஹாம்களின் லாக்புக், அஞ்சல்வழி வந்த உறுதிப்பாட்டு அட்டைகள், ஸ்கேனரின் நினைவகம் ஆகியவை அக்குறையை ஓரளவு நிரப்பக்கூடியவை. முதல் இரண்டையும் கண்ணால் படிக்கலாம். மூன்றாவதைப் படிக்க ஒரு கம்பியும், ஒரு மின்னழுத்த அளவும், ஒரு கட்டளைப் பட்டியலும் தேவை. கருவிகளைக் காட்சிக்கு வைக்கும் நிறுவனங்கள் பெட்டியோடு வந்த கட்டளைப் பட்டியலையும் இணைப்புக் கம்பியையும் சேர்த்தே ஆவணப்படுத்துவது இன்றியமையாதது. மடித்து வைக்கப்பட்ட அந்த ஒற்றைத் தாள்தான் பெரும்பாலும் முதலில் குப்பைக்குப் போகிறது.